கைபேசி திறந்த கடைத்தெரு

விலை கொடுத்து ஒரு பொருளை வாங்கும்போது, "இது தகுமா?" என்று நாம் பலமுறை எண்ணிப் பார்க்கிறோம். அதே பொருள் இலவசமாகக் கிடைத்தால் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்கிறோம். அதற்கான விலையைக் கொடுத்தவர் யார் என்று கேட்பதில்லை. இந்தியாவில் கைபேசி பரவிய வரலாற்றையும், அதைத் தொடர்ந்து இணைய வணிகம் வளர்ந்த வரலாற்றையும் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி ஒன்றே போதும். "இலவசம்" என்ற விளம்பரம் வந்த ஒவ்வொரு முறையும் செலவு ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறியது. அம்மாற்றங்களை வரிசையாகக் காண்போம்.

கேட்பதற்கும் கட்டணம்

1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, தில்லியில் இருந்த மத்திய தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் கைபேசியில் பேசினார். இந்தியாவில் கைபேசிச் சேவை அன்று தொடங்கியது. நிமிடத்திற்கு 16 ரூபாய் வரை கட்டணம் இருந்தது. அழைத்தவர் மட்டுமல்லாமல், அழைப்பை ஏற்றவரும் பணம் செலுத்த வேண்டும். ஆகவே மணி அடித்தால் எடுக்கலாமா, வேண்டாமா என்று கைபேசி வைத்திருந்தவர்கள் தயங்கினர்.

இந்தத் தடை 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் நீங்கியது. "அழைப்பவரே கட்டணம் செலுத்துவார்" என்ற முறை அப்போது நடைமுறைக்கு வந்தது. ஒரு நிறுவனத்தின் கைபேசியிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் கைபேசிக்குப் பேசும்போது, இரு நிறுவனங்களின் கருவிகளும் வேலை செய்கின்றன அல்லவா? எனவே அழைப்பவரிடம் வசூலிக்கும் தொகையில் ஒரு பகுதியை, அழைப்பைப் பெறும் நிறுவனத்திற்கு முதல் நிறுவனம் கொடுக்க வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. அழைப்பை ஏற்பவர் ஒரு காசும் தர வேண்டியதில்லை.

தோற்றத்தில் இது ஒரு கணக்கு மாற்றமே. ஆயினும் அதன் விளைவு பெரிது. தச்சர், குழாய் பழுது பார்ப்பவர், ஆட்டோ ஓட்டுநர் போன்றோருக்குக் கைபேசி வேலை தேடித் தரும் கருவியாயிற்று. அவர்களை அழைப்பவர் செலவை ஏற்றுக்கொண்டார்.

அதே ஆண்டு ஜூலையில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் நிறுவனம் 501 ரூபாய் முன்பணத்திற்குக் கைபேசி தரும் திட்டத்தை அறிவித்தது. கருவியின் விலை 501 ரூபாய் அன்று. மீதத்தை மாதக் கட்டணத்தோடு சேர்த்துச் சிறிது சிறிதாகப் பெறுவதே திட்டம். கருவியை வாங்கிக்கொண்டு தொகையைக் கட்டாமல் விட்டவர்களும் இருந்தனர். அந்த இழப்பு நிறுவனத்தின் தோளில் விழுந்தது.

மக்கள் கண்டுபிடித்த சலுகை

நிறுவனங்கள் அளித்த சலுகைகள் ஒருபுறம் இருக்க, மக்கள் தாங்களே ஒரு சலுகையைக் கண்டுபிடித்தனர். அதுதான் "மிஸ்டு கால்". கைபேசியில் மணி அடிக்கச் செய்வதற்கு அனுப்பப்படும் குறிப்பலைகள் வேறு. பேச்சு செல்லும் தடம் வேறு. மறுமுனையில் இருப்பவர் அழைப்பை ஏற்ற பிறகே கட்டணக் கணக்கு ஓடத் தொடங்குகிறது. எனவே ஒருமுறை மணி அடிக்கவிட்டுத் துண்டித்தால் காசு செலவாகாது. செய்தி மட்டும் போய்ச் சேரும். "வீடு வந்து சேர்ந்தேன்", "கீழே காத்திருக்கிறேன்", "நீ அழைத்துப் பேசு" என்பவற்றையெல்லாம் பேசாமலே சொல்ல இந்த வழி உதவியது. வணிக நிறுவனங்களும் பிறகு இதைப் பயன்படுத்தின. ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், நிறுவனமே நம்மை அழைத்து விவரம் சொன்னது.

2009இல் டாட்டா டோகோமோ நிறுவனம் நொடிக்கு ஒரு காசு என்ற கட்டணத்தோடு சேவையைத் தொடங்கியது. அதுவரை நிமிடக் கணக்கே பெருவழக்கு. பத்து நொடி பேசினாலும் ஒரு நிமிடத்திற்குப் பணம் தர வேண்டும். பேசாத 50 நொடிகளின் விலையும் அதில் அடங்கியிருந்தது. நொடிக் கணக்கு வந்ததும் மற்ற நிறுவனங்களும் அதைப் பின்பற்ற நேர்ந்தது.

இவ்வளவு குறைந்த விலைக்கு எப்படி விற்க முடிகிறது? கோபுரங்கள், இணைப்புக் கருவிகள், அலைவரிசை உரிமம் ஆகியவற்றுக்கே பெரும் பணம் தேவை. அவற்றை அமைத்த பின், ஓர் அழைப்பு கூடுதலாகச் செல்வதால் ஏற்படும் செலவு மிகவும் சொற்பம். பாதிக்கு மேல் காலியாக ஓடும் பேருந்தில் இன்னொருவர் ஏறினால் உரிமையாளருக்குப் பெரிய செலவில்லை. அதனால்தான் முதலில் ஆட்களை ஏற்றிக்கொள்ளும் ஆசை கைபேசி நிறுவனங்களுக்கு வந்தது.

நம்பிக்கையின் விலை

இனி கடைத்தெருவின் பக்கம் திரும்புவோம். காணாத கடையில் பொருள் வாங்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. இந்திய அஞ்சல் துறை 1877இலேயே வி.பி.பி. முறையைத் தொடங்கியது. புத்தகமும் கடிகாரமும் மருந்தும் அஞ்சலில் வரும். தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பொட்டலத்தைப் பெற்றுக்கொள்ளலாம். விற்பவரையும் வாங்குபவரையும் ஒருவரையொருவர் நம்பச் சொல்லாமல், இருவரும் அஞ்சல் துறையை நம்பினர்.

இந்தியாவில் இணைய வணிகத்திற்கு மக்களைப் பழக்கியதில் இரயில் பயணச்சீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி. 2002இல் இணையவழி முன்பதிவைத் தொடங்கியது. 2007இல் பெங்களூரில் ஃபிளிப்கார்ட் நிறுவனம் புத்தகக் கடையாகத் தோன்றியது. ஆனால் கடன் அட்டை வைத்திருந்தவர்கள் சிலரே. வைத்திருந்தவர்களும் அதன் எண்ணைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்ய அஞ்சினர். 2010இல் ஃபிளிப்கார்ட், பொருள் வீட்டுக்கு வந்த பின் பணம் தரும் முறையை அறிமுகப்படுத்தியது. இது வி.பி.பி.யின் பேரன் எனலாம். வாங்குபவரின் தோளில் இருந்த அச்சம் விற்பவரின் தோளுக்கு மாறியது. பொருளை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால், போக்குவரத்துச் செலவு விற்பவரையே சேரும்.

2014இல் இரு வரலாறுகளும் ஒன்று சேர்ந்தன. அவ்வாண்டு பிப்ரவரியில் மோட்டோரோலாவின் "மோட்டோ ஜி" கைபேசியும், ஜூலையில் சீன நிறுவனமான ஷாவ்மியின் "மி 3" கைபேசியும் ஃபிளிப்கார்ட்டில் மட்டுமே விற்பனைக்கு வந்தன. தெருக்கடைகளில் அவை வைக்கப்படவில்லை. மொத்த வணிகர், சில்லறை வணிகர் ஆகியோருக்குச் செல்லும் பங்கு குறைந்ததால் விலையைக் குறைக்க முடிந்தது. இணையத்தில் எதையுமே வாங்கியிராத பலர், கைபேசிக்காக முதன்முதலில் இணையக் கடைக்குச் சென்றனர். அங்கு வாங்கிய கைபேசியே அவர்களுக்கு மறுநாள் கடையின் வாசலும் ஆயிற்று.

வழியை யார் வாங்குவது?

இந்த இடத்தில்தான் நம் கேள்வி கூர்மை பெறுகிறது. 2015 ஏப்ரலில் ஏர்டெல் நிறுவனம் "ஏர்டெல் ஜீரோ" என்ற திட்டத்தை அறிவித்தது. அதன்படி, சில செயலிகளைப் பயன்படுத்த வாடிக்கையாளர் டேட்டா கட்டணம் தர வேண்டாம். அச்செயலியை நடத்தும் நிறுவனம் ஏர்டெலுக்குப் பணம் தரும். ஃபிளிப்கார்ட் இதில் சேர இருந்தது.

தொழில் நுட்ப முறையில் இது கடினமன்று. நாம் கேட்கும் ஒவ்வொரு பக்கமும் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் அனுப்புநர், பெறுநர் ஆகியோரின் முகவரி எண்கள் இருக்கும். குறிப்பிட்ட முகவரியிலிருந்து வருபவற்றைக் கணக்கில் சேர்க்காதே என்று கைபேசி நிறுவனத்தின் கருவிக்குக் கட்டளையிட்டால் போதும்.

வாங்குபவருக்கு இதனால் என்ன கெடுதல் என்று தோன்றலாம். ஒரு சிற்றூரிலிருந்து சந்தைக்குச் செல்லும் பேருந்தை எண்ணிப் பாருங்கள். பெரிய துணிக்கடைக்குப் போகிறவருக்குச் சீட்டு இலவசம். அருகிலுள்ள சிறிய கடைக்குப் போகிறவர் மட்டும் சீட்டு வாங்க வேண்டும் என்றால், சில ஆண்டுகளில் அச்சிறிய கடை இருக்குமா? அது நல்ல துணி விற்றாலும், குறைந்த விலைக்கு விற்றாலும் பயனில்லை. அங்கே செல்லும் வழிக்கே தனி விலை ஏற்பட்டுவிட்டது. பேருந்துக் கட்டணத்தைச் செலுத்தியவர் பயணியின் பாதையைத் தீர்மானித்துவிடுகிறார். அவர் செலவழித்த பணத்தைப் பின்னர் துணியின் விலையில் பெற்றுக்கொள்ளவும் முடியும்.

மக்கள் இதைப் புரிந்துகொண்டனர். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதுபற்றிக் கருத்துக் கேட்டபோது, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. எதிர்ப்பைக் கண்ட ஃபிளிப்கார்ட் ஏப்ரல் 14ஆம் நாள் திட்டத்திலிருந்து விலகியது. அவ்வாண்டே ஃபேஸ்புக் நிறுவனம், தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் கட்டணமின்றித் தரும் "ஃப்ரீ பேசிக்ஸ்" என்ற திட்டத்திற்கு ஆதரவு தேடியது. இணையமே இல்லாத ஏழைக்குச் சிறிதளவாவது கிடைக்கட்டும் என்பது ஆதரித்தவர்களின் வாதம். அது எளிதில் தள்ளக்கூடிய வாதமன்று. ஆனால் அந்தச் சிறிதளவு எது என்பதை ஏழை தீர்மானிக்க மாட்டார், நிறுவனமே தீர்மானிக்கும் என்று எதிர்த்தவர்கள் கூறினர்.

2016 பிப்ரவரி 8ஆம் நாள் டிராய் தன் விதியை வெளியிட்டது. உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டாவிற்கு வெவ்வேறு கட்டணம் வாங்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் வீதம், 50 இலட்சம் ரூபாய் வரை தண்டம். நெருக்கடி காலச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. சுருங்கச் சொன்னால், வழியில் செல்பவரிடம் "எந்தக் கடைக்குப் போகிறாய்?" என்று கேட்டுக் கட்டணம் வாங்காதே என்பதே விதி.

வெள்ளமும் வடிகாலும்

அதே ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ரிலையன்ஸ் ஜியோ சேவை தொடங்கியது. முதலில் ஆண்டு இறுதி வரையிலும், பின்னர் 2017 மார்ச் இறுதி வரையிலும் பேச்சும் டேட்டாவும் இலவசம். எந்தக் கடைக்குச் சென்றாலும் இலவசம் என்பதால் புதிய விதிக்கு இது முரணாகவில்லை. 170 நாட்களில் பத்துக் கோடிப் பேர் சேர்ந்தனர். டிராய் கணக்குப்படி, 2014இல் சராசரியாக 269 ரூபாயாக இருந்த ஒரு ஜி.பி. டேட்டாவின் விலை 2018இல் 12 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2016இல் அறிமுகமான யு.பி.ஐ. பணப்பரிமாற்ற முறையும் சேர்ந்துகொள்ளவே, சிற்றூர்களிலும் இணையக் கடை நுழைந்தது.

இந்த வெள்ளத்தில் பல நிறுவனங்கள் மூழ்கின. 1999இல் தமிழ்நாட்டில் சேவை தொடங்கி வளர்ந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. சேவை நின்றுபோன அந்நாட்களில், தம் எண்ணை வேறு நிறுவனத்திற்கு மாற்ற முடியாமல் தமிழ்நாட்டு வாடிக்கையாளர்கள் தவித்தனர். நொடிக்கு ஒரு காசு என்று வந்த டோகோமோ ஏர்டெலுடன் இணைந்தது. வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. போட்டியாளர்கள் குறைந்த பின் 2019 டிசம்பரிலும், 2021 நவம்பரிலும், 2024 ஜூலையிலும் கட்டணங்கள் உயர்ந்தன. இலவசத்தின் விலையில் ஒரு பகுதியை அதைப் பெற்றவர்களே பின்னர் செலுத்தினர்.

2020இல் ஃபேஸ்புக் நிறுவனம், ஜியோ நிறுவனத்தில் 43,574 கோடி ரூபாய் முதலீடு செய்தது. ஜியோவின் குழுமத்திற்கே சொந்தமான ஜியோமார்ட் என்ற இணையக் கடையும் அக்காலத்தில் வளர்ந்தது. இப்போது வழியின் உரிமையாளரும் கடையின் உரிமையாளரும் ஒருவரே ஆகலாம். 2016ஆம் ஆண்டின் விதி கட்டணத்தைப் பற்றியது. கடையின் உரிமையைப் பற்றி அது ஏதும் சொல்லவில்லை. ஆகவே அடுத்த சலுகை அறிவிப்பைக் காணும்போது, எவ்வளவு மிச்சம் என்று கணக்கிடுவதோடு நிறுத்தாமல், நமக்காகச் செலவு செய்பவர் யார், அதற்குப் பதிலாக எந்தக் கடையின் வாசலில் நம்மை நிறுத்த விரும்புகிறார் என்றும் கேட்டுப் பார்ப்பது நல்லது.