தகட்டைத் துடைத்துவிட்டு விலை பேசுங்கள்

பழைய டிராக்டரை விற்கப்போகிறோம் என்று மன்னார்குடிப் பக்கம் யார் கூப்பிட்டாலும் போய்ப் பார்ப்பேன். ஒர்க்‌ஷாப்பை மூடியபிறகும் இந்த வேலை என்னை விடவில்லை. தரகர் டயரை உதைத்துப் பார்த்து, இரும்பு கிலோ என்ன விலை என்று ஆரம்பிப்பார். எனக்கு வயிறு எரியும். வண்டி எது என்று தெரிய, நான் முதலில் சேஸிஸ் எண் தகட்டிலுள்ள கிரீஸைத் துடைக்கச் சொல்வேன்.

இங்கே ஓடும் மாஸே பெர்குசன் வண்டிகளின் பூர்வீகம் இங்கிலாந்தின் கவென்ட்ரி. ஹாரி பெர்குசன் வடிவமைத்த டி.இ.20 அங்கே 1946-ல் வெளிவரத் தொடங்கியது. சாம்பல் நிறம், சின்ன உருவம். பத்து வருஷத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பெர்குசனின் முறை வருவதற்கு முந்தைய டிராக்டர்கள் கலப்பையைச் சும்மா கட்டி இழுத்தன. கொழு வேரிலோ பாறையிலோ மாட்டினால் வண்டியின் முன்பக்கம் எழும்பி ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். பெர்குசன் கலப்பையை மூன்று இடத்தில் வண்டியோடு பிணைத்தார். மண் இறுகினால் மேல் இணைப்பு அழுந்தும். அந்த அழுத்தமே ஹைட்ராலிக்கை இயக்கிக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிவிடும். இன்று நம் வயலில் ஓடுகிற டிராக்டர்களின் பின்னாலும் அதே மூன்று புள்ளிகள்தான். 1958 ஜனவரியில் எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹில்லாரி தென்துருவம் போய்ச் சேர்ந்ததும் பெர்குசன் டிராக்டரில்தான்.

1953-ல் பெர்குசன் கம்பெனியும் மாஸே ஹாரிஸ் கம்பெனியும் இணைந்தன. சாம்பல் போய்ச் சிவப்பு வந்தது மாஸே பெர்குசன் 35 காலத்தில். 1960-ல் சென்னையில் மாஸே பெர்குசனைச் செய்யும் டாஃபே கம்பெனி தொடங்கியது. அதன் 1035 நம் ஊர்க் களங்களுக்கு வந்தது. அதிலிருந்த சிம்சன் என்ஜின் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தனி மரியாதை. 1840-ல் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்த கம்பெனி அது!

விலைக்கு வருவோம். புதுப் பெயின்டுக்கு நான் ஒரு பைசாகூடச் சேர்க்கமாட்டேன். துருவை மறைக்கத்தான் பாதிப் பேர் அடிக்கிறார்கள். கலப்பையைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். கலப்பை இறங்கியிருந்தால் ஹைட்ராலிக்கில் செலவு இருக்கிறது. என்ஜின் ஓடும்போது பிரீதர் குழாயில் புகை குப்பென்று வந்தால் சிலிண்டர் போர் வேலை நிச்சயம். இதையெல்லாம் காசு கொடுத்துச் சரிசெய்துவிடலாம். பழைய பானெட்டும் மீட்டரும் போனால் போனதுதான். அவை அப்படியே இருந்தால், சேகரிக்கிறவர் உழவுக்கு வாங்குகிறவரைவிட அதிகம் தருவார்.

பேப்பர்தான் பலருக்குக் கழுத்தைப் பிடிக்கிறது. பதிவு 15 வருஷத்துக்கு, அதன்பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அடைத்த கடன் ஆர்.சி. புத்தகத்தில் அப்படியே நிற்கும். அதை நீக்கியபின் பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்துப் போடுங்கள். என்ஜின், சேஸிஸ் எண்கள் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். காயலான் கடைக்காரர் தராசோடு வந்தால், இவற்றை முடிக்கும்வரை வண்டியைக் கொடுக்காதீர்கள்.