கடல் எப்போது திரும்பும்?

1872, ஆகஸ்ட். இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்திலிருந்து பிரான்ஸை நோக்கி நீந்தப் புறப்பட்டார் ஜான்சன் என்கிற நீச்சல் வீரர். நடுவே இருப்பது ஆங்கிலக் கால்வாய். பெயர்தான் கால்வாய், அசல் கடல்! குறுகலான இடத்திலேயே அகலம் 33 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் சொச்சம்... ஜான்சன் படகில் ஏறிவிட்டார்.

அந்தத் தோல்விச் செய்தியைப் பேப்பரில் படித்த ஒருவருக்கு மட்டும் தூக்கம் போனது. அவர், மாத்யூ வெப். டாக்டர் வீட்டுப் பிள்ளை. செவர்ன் ஆற்றில் நீந்தப் பழகி, 12 வயதில் கப்பல் பயிற்சிக்குப் போனவர். 1873-ல் நடு அட்லாண்டிக்கில் 'ரஷ்யா' என்ற கப்பலிலிருந்து ஒரு மாலுமி தவறி விழ, யோசிக்காமல் பின்னாலேயே குதித்தவர். மாலுமி கிடைக்கவில்லை. ஆனால், அந்தத் துணிச்சலுக்காக வெப்புக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

1875-ல் மனுஷன் கேப்டன் வேலையை உதறிவிட்டுப் பயிற்சியில் இறங்கினார். சரி, யாரிடம் கற்றுக்கொள்வது? மிதவை உடை எதுவும் இல்லாமல் அந்தக் கடலை நீந்திக் கடந்தவர் உலகத்திலேயே யாரும் இல்லையே! ஆகவே, தானே வாத்தியார், தானே மாணவன்.

லண்டன் லாம்பெத் நீச்சல்குளத்தில் ஆரம்பித்தார். குளத்துத் தண்ணீர் கடலின் குளிரைச் சொல்லித் தராதே... டோவருக்குப் போய்க் கடலிலேயே ஊறினார். ஜூலை 3-ம் தேதி தேம்ஸ் நதியில் பிளாக்வாலிலிருந்து கிரேவ்ஸெண்ட் வரை 32 கிலோமீட்டர். ஐந்து மணி நேரத்துக்குள் முடித்தார்! அதே மாதம் டோவரிலிருந்து ராம்ஸ்கேட் வரை, கடலில் எட்டரை மணி நேரத்துக்கும் மேல்.

தேம்ஸில் 32 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் என்றால், 33 கிலோமீட்டர் கால்வாய்க்கும் அவ்வளவுதானே? அங்கேதான் சிக்கல். தேம்ஸில் வற்றும் நீர் அவரைத் தள்ளிக்கொண்டு போனது. கால்வாயிலோ ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும். ஒரு பக்கம் இழுக்கும், பிறகு எதிர்ப்பக்கம் இழுக்கும். நீந்துபவன் நேர்கோட்டில் போகவே முடியாது. கை பலத்தைவிட, கடல் எப்போது திரும்பும் என்கிற கணக்குதான் முக்கியம்.

ஆகஸ்ட் 12. முதல் முயற்சி. காற்று எழுந்தது, கடல் கொந்தளித்தது. ஏறத்தாழ ஏழு மணி நேரம் போராடிவிட்டு வெப் படகில் ஏறினார். தோல்விதான். ஆனால், விட்டுவிட வேண்டிய நேரம் எது என்று தெரிந்திருந்ததே, அதுவும் பயிற்சிதான்!

பன்னிரண்டே நாள். ஆகஸ்ட் 24, பகல் 12.56. உடம்பு முழுக்கக் கடல்பன்றி எண்ணெய் பூசிக்கொண்டு மறுபடி குதித்தார். தவளை மாதிரி காலை உதைத்துப் போகிற நீச்சல்தான். கூடவே படகுகள். தொடக் கூடாது, பிடிக்கக் கூடாது. காபி, மாட்டிறைச்சி சூப், பிராந்தி... எல்லாம் தண்ணீரில் மிதந்தபடியேதான். இரவில் ஜெல்லி மீன் கொட்டியது. ஒரு மடக்கு பிராந்தி, மீண்டும் நீச்சல். பிரான்ஸ் கரையை நெருங்கிய பிறகு நீரோட்டம் சுமார் ஐந்து மணி நேரம் அவரைக் கரையேற விடவில்லை. மறுநாள் காலை 10.41-க்கு கலே மணலில் கால் வைத்தார். 21 மணி 45 நிமிடம்! வளைந்து வளைந்து போனதில் நீந்திய தூரம் 60 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

இங்கிலாந்தே கொண்டாடியது. தீப்பெட்டியில் படம் போட்டார்கள். நிதி திரட்டிக் கொடுத்தார்கள். ஆனால், புகழ் சோறு போடுமா? பணம் கரைந்தது. கல்யாணம் ஆயிற்று, இரண்டு குழந்தைகள். 1882-ல் பாஸ்டனில் ஒரு தண்ணீர்த் தொட்டியில் 128 மணி நேரம் மிதந்து காட்டினார். கடலை வென்றவர், தொட்டிக்குள் காட்சிப்பொருள்!

அடுத்து நயாகரா. அருவிக்குக் கீழே சுழித்து ஓடும் பயங்கரமான நீர்ப்பாதையை நீந்திக் கடப்பதாக அறிவித்தார். வேண்டாம் என்று எச்சரித்தும் கேட்கவில்லை. 1883 ஜூலை 24, சிறு படகிலிருந்து குதித்தார். நான்கு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. வயது 35.

அதே தைரியம், அதே உடம்பு. கால்வாயில் ஒவ்வொரு குளிரையும், ஒவ்வொரு மணி நேரத்தையும் முன்கூட்டியே பழகிப் பார்க்க முடிந்தது. தப்பினால் ஏறிக்கொள்ளப் படகு இருந்தது. நயாகராவில் ஒத்திகைக்கு வழியே இல்லை. பாதியில் நிறுத்தவும் வழியில்லை.

வெப்புக்குப் பிறகு இன்னொருவர் அந்தக் கால்வாயைக் கடக்க 36 வருடங்கள் ஆயின. இன்று அங்கே நீந்த விரும்புகிறவர், 16 டிகிரியோ அதற்கும் குறைவாகவோ உள்ள குளிர்நீரில் முதலில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமெடுக்கும் நாட்களைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார்கள். கூட வரும் படகைத் தொட்டால் முயற்சி ரத்து. யாரும் சொல்லித் தராமல் வெப் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பரீட்சை, இப்போது எல்லோருக்கும் பாடத்திட்டம்!