நீர் வந்த ஊரும் வாராத ஊரும்

மாணவர்களே! மதுரையின் வரலாறு என்றவுடன் பாண்டியரும் திருமலை நாயக்கரும் நம் நினைவுக்கு வருகின்றனர். அந்நகரைச் சூழ்ந்த சமவெளியில் வாழ்ந்த குடும்பங்கள் ஏன் ஊரைவிட்டுப் போயின, ஏன் தங்கின என்பதும் வரலாறேயாகும்.

வைகை, மழையை நம்பிய ஆறு. ஆண்டில் பல மாதங்கள் மணலாய்க் கிடக்கும். கண்மாய் வற்றினால் உழவனின் வருவாயும் வற்றும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைவிட 1881-ஆம் ஆண்டுக் கணக்கில் மதுரை ஜில்லாவின் மக்கள்தொகை குறைந்தே காணப்பட்டது. மாண்டவர் பலர், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவரும் பலர். அவர்களை அழைத்துச் சென்ற கங்காணி முதலில் கொடுத்தது கூலியன்று, முன்பணம். வழிச்செலவும் அதனுடன் சேர்ந்து கடனாயிற்று. வேலை தொடங்குமுன்பே கடன்பட்ட குடும்பம், ஊர் திரும்பும் நாளைத் தானே குறிக்க இயலவில்லை.

1895-இல் பெரியாற்றுத் திட்டம் திறந்து வைக்கப்பட்டது. மேற்கே பாய்ந்த ஆற்றைப் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைப் பக்கம் திருப்பினார். பேரணையிலிருந்து பிரிந்த கால்வாய் மேலூர்ப் பகுதிக்கு நீர் கொண்டு சென்றது. புஞ்சை நிலங்கள் பல நஞ்சையாயின. நிலமுடையார்க்கு நெல் பெருகிற்று. நிலமில்லார்க்கோ நடவிலும் அறுவடையிலும் வேலைநாள்கள் கூடின. இரண்டும் ஒன்றல்ல என்பதை மறத்தலாகாது.

அக்கால்வாய் எட்டாத உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மேட்டு நிலங்கள் மழையையே எதிர்நோக்கி நின்றன. மதுரையில் 1892-இல் இயங்கத் தொடங்கிய ஹார்வியின் நூற்பாலை, மழையைச் சாராத வருவாய் ஒன்றைச் சுற்றுப்புறத்தார்க்குக் காட்டியது. உழவுக் குடும்பத்தினர் சிலர் ஆலைத் தொழிலாளராயினர்.

கூலியாசையே மக்களை ஊர்விட்டுக் கிளப்புகிறது என்பர் சிலர். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் கண்டது வேறு. மழை பொய்த்த ஆண்டுகளில்தான், மானாவாரிச் சிற்றூர்ப் பிள்ளைகள் பெற்றோருடன் வெளியூர் சென்று, பள்ளிப் பதிவேட்டிலிருந்து மிகுதியாக நீங்கினர். நீரில்லாக் குறையும் கடனும் அவர்களைக் கிளப்பின; ஆசை அன்று.

அணை கட்டியவர்க்கு இன்று மணிமண்டபம் உண்டு. ஊர்விட்டுப் போனவர்க்குக் கல்வெட்டு இல்லை. ஆதலின், உங்கள் குடும்பம் எவ்வூரிலிருந்து, எந்த ஆண்டில், எதனால் பெயர்ந்தது என்று வீட்டு முதியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே அதனைச் செய்யுங்கள்.