பதிவில்லாத நிலத்தின் உச்ச நிலநடுக்கம்: நாஞ்சில் நாட்டை முன்வைத்து

நாஞ்சில் நாடு அடங்கிய கன்னியாகுமரி மாவட்டத்தின் அடித்தளம் சார்னோக்கைட், கோண்டலைட் முதலிய பழம்பாறைகளால் ஆனது. அவை கடும் வெப்பத்தில் உருமாறி ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. புவித்தட்டுகளின் எல்லை எதுவும் அருகில் இல்லை. ஆகவே இங்கே பெரிய நிலநடுக்கம் வராது என்று முடிவு கட்டுவது வழக்கமாகிவிட்டது. அம்முடிவுக்குப் போதிய ஆதாரமில்லை. நிலையான நிலப்பகுதி ஒன்றின் உச்ச அளவை அதன் சொந்தப் பதிவேட்டிலிருந்து பெற இயலாது. ஒத்த நிலங்களின் வரலாற்றிலிருந்தே பெற வேண்டும்.

எளிய கணக்கு ஒன்றே இதைக் காட்டும். ஒரு வட்டாரத்தில் 6 அளவுள்ள நடுக்கம் சராசரியாக 1,000 ஆண்டுக்கு ஒருமுறை நிகழ்வதாகக் கொள்வோம். 200 ஆண்டுப் பதிவில் அது ஒருமுறைகூட இடம்பெறாதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 82 விழுக்காடு. அதாவது, பதிவின் மௌனம் ஆபத்தின்மைக்குச் சான்றாகாது. 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் 6.2 அளவில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ 10,000 பேர் மாண்டபோது, அன்றைய நிலநடுக்க வரைபடம் அவ்வூரை மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில்தான் வைத்திருந்தது. 2002-இல் திருத்தப்பட்ட வரைபடத்தில் அம்மண்டலமே நீக்கப்பட்டது.

இதேபோல் நிலையான நிலப்பகுதியான ஆஸ்திரேலியாவின் டென்னன்ட் கிரீக்கில் 1988 ஜனவரி 22 அன்று ஒரே நாளில் 6-ஐத் தாண்டிய மூன்று நடுக்கங்கள் நிகழ்ந்தன. 1900-இல் கோயம்புத்தூரை உலுக்கியதும் 6-ஐ ஒட்டியதாகவே மதிப்பிடப்படுகிறது. இவற்றைக் கொண்டு நாஞ்சில் நாட்டை மதிப்பிடலாமா, பாறைக்குப் பாறை வேறுபடாதா என்று கேட்கலாம். வேறுபடும். அதனால்தான் ஒப்புமையை வகை பிரித்துச் செய்ய வேண்டும். நிலையான கண்டப்பகுதிகளில் 7-ஐத் தாண்டிய நடுக்கங்கள் பெரும்பாலும் பண்டைக்காலத்தில் இழுபட்டுப் பிளந்த நிலத்தில்தான் நிகழ்ந்துள்ளன. 2001-இன் பூஜ் நடுக்கம் அவ்வகை. இழுபடாத உள்நிலத்துக்கு 6.5-ஐ ஒட்டிய உச்சம் பொருந்தும். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் விலகியபோது மெலிந்த மேற்குக் கடலோர விளிம்புக்கு 7-ஐயும் கணக்கில் கொள்ள வேண்டும். 7 அளவுக்குப் பொதுவாக 40 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பிளவு தேவை, அப்படி ஒன்று இங்கே தென்படவில்லையே என்பது வலுவான மறுப்பு. ஆனால் கில்லாரியின் பிளவும் எரிமலைப் பாறைக்கடியில் மறைந்தே கிடந்தது.

அப்படியானால் எல்லா வீடுகளையும் 7-ஐத் தாங்குமாறு கட்டச் சொல்வதா? இல்லை. எவ்வளவு பெரியது வரக்கூடும் என்பது ஒரு கேள்வி. எத்தனை ஆண்டுக்கொருமுறை வரும் என்பது வேறு கேள்வி. சில நூறு ஆண்டுக் கணக்கில் திட்டமிடும் சாதாரணக் கட்டடத்துக்கு உச்ச அளவு 6.5-ஆ 7-ஆ என்பது பெரிய வேறுபாட்டைத் தராது. 10,000 ஆண்டுக் கணக்கில் பாதுகாப்பு கோரும் கூடங்குளம் போன்ற அணுமின் நிலையத்துக்கு அதுவே தீர்மானகரமானது. எனவே ஒற்றை எண்ணை அறிவிப்பதைவிட, ஒவ்வோர் உச்ச அளவும் எவ்வளவு நம்பத்தக்கது என்னும் எடையைச் சேர்த்துச் சொல்வதே நேர்மையான மதிப்பீடு. கடலோரத் தேரி மணலிலும் மலையடிவாரப் படிவுகளிலும் குழி தோண்டி, அடுக்குகள் இடம்பெயர்ந்துள்ளனவா என்று பார்க்கும் களஆய்வே அந்த எடைகளைத் திருத்தும். அதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.