அவன், அவள், அவர்: பால்பகுப்பும் பள்ளிக்கூடமும்

இராயபுரம் தொடங்கிக் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர்வரை நீளும் கடலோர நிலப்பகுதியில் பழைய பள்ளிகளுக்குக் குறைவில்லை. மாநகராட்சி நடத்துபவை சில. துறவற சபையினரும் மறைப்பணியாளரும் தோற்றுவித்தவை சில. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், வலை இழுத்தவரும், ஆலைச் சங்கொலி கேட்டு எழுந்தவரும் தம் பிள்ளைகளை அனுப்பிய பள்ளிகள் அவை. அவற்றின் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரை அடுத்து ஒரு சிறு கட்டம் உண்டு. ஆண் அல்லது பெண் என்று ஒரு சொல்லால் அது நிரம்பிவிடும். அக்கட்டத்தில் அடங்காத பிள்ளையை எவ்வாறு அழைப்பது, எந்தக் கழிவறைக்கு அனுப்புவது என்னும் கேள்விகள் அண்மைக் காலத்தில் பல நாடுகளின் நீதிமன்றங்களை எட்டியுள்ளன. இது மேலை நாட்டார் கிளப்பிவிட்ட புதுச் சிக்கல் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். கேள்வியின் முற்பகுதியைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பிழையானது. அழைப்பது எப்படி என்பதைத் தமிழ் இலக்கணிகள் மிகப் பழங்காலத்திலேயே எண்ணிப் பார்த்துள்ளனர்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயல் கிளவியாக்கம். உயர்திணைக்கு ஆண், பெண், பலர் என மூன்று பால்களை வகுத்த கையோடு, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரை அது எடுத்துக்கொள்கிறது. அப்பெயருக்கென்று தனி ஈறு கிடையாது. உயர்திணைக்குரிய ஈறுகளைக் கொண்டே அது நடக்கும் என்பது விதி. தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களும் அதே நூற்பாவில் அதே விதிக்குள் வைக்கப்பட்டிருப்பது நம் கவனத்துக்குரியது. அதே இயலில் சற்றுத் தள்ளி வரும் இன்னொரு நூற்பா, ஆண்மை திரிந்தோர் பெயருக்குப்பின் ஆண்பால் முடிபு வருவதற்கு இடமில்லை என்று தெளிவாகத் தடுக்கிறது. பேடி வந்தாள் என்பது வழு அன்று. பேடி வந்தான் என்பது வழு. இலக்கண ஆசிரியர் அறநூல் எழுத முற்படவில்லை, மக்கள் நாவில் வழங்கியதைப் பதிந்தார். அதனாலேயே இச்சான்றின் மதிப்பு உயர்கிறது என்பேன். பேடியை ஆணாகக் குறிப்பது அக்காலத் தமிழ்ச் செவிக்கு இசையாத பேச்சாக இருந்திருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் இன்னும் ஓரடி முன்னே போகிறார். பெண்தன்மையைத் துறந்து ஆண்தன்மையை நாடுவோரை ஆண்பாலில் வைக்கிறார்; ஆண்தன்மையைத் துறந்து மற்றதை நாடுவோரைப் பெண்பாலில் வைக்கிறார். அவர் ஆளும் சொல் அவாவுதல். பிறந்த உடலை அளவுகோலாக்காமல் நாட்டத்தை அளவுகோலாக்கிய நூற்பா இது. எனினும் அதே நூற்பாவின் ஈற்றடியை மறைத்துவிட்டு முன்னோர் பெருமை பேசுதல் முறையாகாது. அவர்களை அஃறிணை போலவும் சொல்லலாம் என்று அவ்வடி இசைவு தருகிறது. மதிப்புக்கு ஒரு வாயிலும் இழிவுக்கு ஒரு வாயிலும் ஒரே நூற்பாவில் திறந்து கிடக்கின்றன.

பிற்காலத்தார் அதிகம் புழங்கியது இரண்டாம் வாயிலைத்தான். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் காமன் பேடி உருவில் ஆடிய ஆடலும் ஒன்றாக எண்ணப்பட்டது. அதே சொல் வள்ளுவத்தில் கோழைக்கும் செயலற்றவனுக்கும் உவமையாகிவிட்டது. அலி என்பது வசைச் சொல்லாயிற்று. நம் பள்ளிகளிலோ ஒன்பது என்னும் எண்ணே ஏச்சாயிற்று. வருகைப் பதிவில் ஒன்பதாம் எண் தனக்கு வந்துவிடக் கூடாதே என்று எந்தப் பிள்ளைகள் அஞ்சியிருக்கக்கூடும் என்பதை ஆசிரியப் பணியிலிருப்போர் ஊகித்துக்கொள்வர். வடக்கே ஆங்கில அரசு 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதியில் இம்மக்களுக்கெனத் தனிப் பதிவேடு திறந்தது. பொது இடத்தில் பெண்ணுடை அணிவதும் ஆடுவதும் அவர்களுக்குத் தண்டனைக்குரிய குற்றங்களாயின. 16 வயது நிரம்பாத சிறுவன் எவனும் அவர்கள் பொறுப்பில் இருத்தலாகாது என்றும் அச்சட்டம் விதித்தது. பதிவேடு என்றாலே ஐயத்தோடு நோக்கும் வழக்கம் அவர்களுக்கு வந்ததில் வியப்பென்ன?

தமிழகத்தில் பெயர்மாற்றம் எங்கும் காணாத விரைவோடு நடந்தது. கூவாகம் விழாவையொட்டிய அரவாணி என்னும் சொல் முதலில் பரவியது. பின்னர்த் திருநங்கை என்னும் சொல்லை அரசே அலுவல் வழக்கில் ஏற்றது. 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர்களுக்கென நல வாரியம் அமைந்தது. நாட்டில் அத்தகைய வாரியங்களுக்கு அதுவே முன்னோடி. பெயர் மாறினால் ஆள் மாறிவிடுவாரா என்று கேட்பவர் உண்டு. இராயபுரம் என்னும் ஊர்ப்பெயர் புனித இராயப்பரால் வந்தது என்பர். சீமோன் என்னும் மீனவருக்குப் பிறிதொரு பெயர் சூட்டப்பட்ட பின்னர் அவர் வாழ்வு என்னவாயிற்று என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இனி 'அவர்' என்னும் சொல்லுக்கு வருவோம். சுவீடன் நாட்டார் ஆண், பெண் என்று சுட்டாத 'ஹென்' என்னும் புதுச் சொல்லை 2015இல் தம் மொழிக் கழகத்தின் சொற்பட்டியலில் சேர்த்தனர். ஆங்கிலத்தாரோ 'தே' என்னும் பன்மைச் சொல்லை ஒருவருக்கு வழங்கலாமா என்று இன்னும் பூசலிட்டுக்கொண்டிருக்கின்றனர். நமக்கு இத்தொல்லை இல்லை, 'அவர்' இருக்கிறதே என்று தமிழறிஞர் சிலர் பெருமிதம் கொள்கின்றனர். ஆனால் ஒருவரைப் பன்மையால் சுட்டுவது உலக வழக்கில் வந்த உயர்வுச் சொல்லே, இலக்கண நெறியாகாது என்று தொல்காப்பியரும் குறித்து வைத்திருக்கிறார். ஆங்கிலத்தார் இன்று எழுப்பும் அதே தடை! தமிழில் வழக்கு வென்றது, இலக்கணம் பின்தொடர்ந்தது.

வேறொரு சிக்கலும் உண்டு. பத்து வயதுப் பிள்ளையை நம் வகுப்பறைகளில் எவரும் 'அவர்' என்பதில்லை. 'அவனைக் கூப்பிடு', 'அவளை உட்காரச் சொல்' என்பதே அன்றாட ஆசிரியர் மொழி. அவர் என்பது பொதுப்பாலாவது மதிப்பின் வழியாகத்தான். அம்மதிப்பைப் பெரியவர்களுக்கென்றே நாம் ஒதுக்கி வைத்துள்ளோம். ஆதலால் பிள்ளையின் பால்சுட்டு பற்றிய வழக்கு, நம் மண்ணில், பிள்ளைக்கு மதிப்பு உண்டா என்னும் வழக்காகவே முடிகிறது. வடசென்னை வீடுகளில் பெண் குழந்தையையும் 'வாடா' என்று கொஞ்சி அழைக்கும் தாய்மார் ஏராளம். அங்கே இலக்கணம் புண்படவில்லை, குழந்தையும் புண்படவில்லை. புண்படுத்துவது சொல்லின் பாலா, சொல்பவரின் எண்ணமா என்பதை இந்த வழக்கு காட்டிவிடுகிறது. திருநங்கை வாழ்வைத் தன்வரலாறாக எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' (2007), அ. ரேவதியின் 'வெள்ளை மொழி' ஆகிய நூல்களிலும் பள்ளிநாள் ஏளனம் தவறாது இடம்பெறுகிறது.

சட்டம் என்ன செய்தது? 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து கூறும் உரிமையை ஏற்றது. தனிப் பொதுக் கழிவறைகள் அமைக்குமாறும் அரசுகளைப் பணித்தது. 2019ஆம் ஆண்டு மையச் சட்டம் கல்வி நிலையங்களில் பாகுபாட்டைத் தடை செய்தது. அதன்கீழ் 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகள், நிறுவனங்களில் கழிவறை உள்ளிட்ட வசதிகளை ஈராண்டுக்குள் ஏற்படுத்த வேண்டும் என்றன. தமிழ்நாட்டுக் கட்டாயக் கல்வி விதிகளும் திருநர் பிள்ளைகளை வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சேர்த்தன. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், காவல்துறை தொடங்கிப் பள்ளிவரை மாற வேண்டியவற்றை நெடியதோர் ஆணையில் வரிசைப்படுத்தினார். தாம் இப்பொருளில் அறியாமையோடு இருந்ததாகவும், உளநல அறிஞரிடம் அமர்ந்து கற்றுக்கொள்ள முற்பட்டதாகவும் நீதிபதி ஒருவர் வெளிப்படையாகச் சொல்லுதல் அரிது. இவ்விடயத்தில் அந்த அடக்கம், தீர்ப்பின் வாசகங்களைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆண்டு இறுதியில், தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு திருநர் பிள்ளைகள் குறித்து ஆசிரியர்களுக்கென ஒரு கையேட்டைத் தன் இணையதளத்தில் வைத்தது. ஆண் பெண் வேறுபாடற்ற சீருடை, எப்பிள்ளையும் அச்சமின்றிப் புழங்கும் கழிவறை, பிள்ளைகளை ஆண்வரிசை பெண்வரிசை என்று எதற்கெடுத்தாலும் பிரிக்காமை ஆகியன அதன் பரிந்துரைகள். முறையீடு எழுந்தது. தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டது. சில நாட்களுக்குள், 2021 நவம்பரில், கையேடு தளத்திலிருந்து மறைந்துபோயிற்று. வளரிளம் பருவ உடல் மாற்றத்தைத் தள்ளிப்போடும் மருந்துகள் பற்றி அதில் வந்த குறிப்பு பெற்றோரை அஞ்சவைத்தது என்றால், அவ்வச்சம் பொருளற்றதன்று. மருத்துவ உலகிலேயே கருத்து வேறுபாடுள்ள செய்தி அது. ஆயினும் மருந்தைப் பற்றிய ஐயத்திற்காகக் கழிவறைக் கதவைப் பற்றிய பக்கத்தையும் சேர்த்தே அகற்றியது என்ன முறை?

கதவு என்றேன். வடசென்னைப் பள்ளிகளைப் பொறுத்தவரை விவாதத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. இந்தத் தொழிற்பகுதியின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 19ஆம் பிரிவில், ஆண் தொழிலாளர்க்கும் பெண் தொழிலாளர்க்கும் அடைப்புள்ள தனித்தனிக் கழிவறை வேண்டும் என்று விதித்தது. அதே 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் தன் ஆலையை அமைத்தது. ஆலைக்குப் போன தந்தைக்கு அன்றே சட்டம் தந்ததை, பள்ளிக்குப் போன மகளுக்கு நாடு முழுவதற்குமான கல்விச் சட்டம் ஒன்று தருவதற்கு 2009 ஆயிற்று. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில்தான் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் தனித்தனிக் கழிவறை என்பது பள்ளிக் கட்டடத்தின் இன்றியமையா உறுப்பாக எழுதப்பட்டது. அதன் பின்னரும், ஆறு மாதங்களுக்குள் எல்லாப் பள்ளிகளிலும் கட்டி முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரில் ஆணையிட வேண்டியிருந்தது.

ஆகவே, பெண்பிள்ளைகளின் கழிவறைக்குள் வேறொருவர் வருவதா என்று ஒரு தாய் பதறும்போது, அவளைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. அவள் மகளுக்குக் கிடைத்த கதவே நேற்று வந்த கதவு. அதன் தாழ்ப்பாளும் சரியாக விழுவதில்லை. அதே நேரத்தில் மறுபுறத்தையும் எண்ண வேண்டும். ஆண் என்று பதிவாகிப் பெண்ணாகத் தன்னை உணரும் பிள்ளைக்கு வாய்ப்பது பெரும்பாலும் கதவே இல்லாத சிறுநீர்ச் சுவர். அங்கே கூட்டமாக நிற்கும் பிள்ளைகள் நடுவில் போகத் துணியாத ஒன்று, காலை முதல் மாலைவரை தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறது. சென்னை வெயிலில் அது என்ன நோயைத் தரும் என்று மருத்துவரைக் கேட்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் பள்ளிக் கழிவறை வழக்குகள் எந்தக் கூடத்திற்குள் யார் நுழையலாம் என்பதைச் சுற்றியே நடந்தன. வர்ஜீனியா மாநிலத்து மாணவர் கவின் கிரிம் தொடுத்த வழக்கு 2015 முதல் 2021வரை இழுத்தது. அவ்வழக்கின் சொற்களை அப்படியே இங்கே இறக்குமதி செய்து சண்டையிடுவதில் பயனில்லை. நம் பள்ளிகளுக்குத் தேவைப்படுவது ஒருவர் மட்டுமே நுழைந்து தாழிட்டுக்கொள்ளத்தக்க, தண்ணீரும் விளக்கும் உள்ள சிற்றறைகள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கெனச் சாய்தளத்தோடு கட்டப்பட்ட அத்தகைய அறை பல பள்ளிகளில் ஏற்கனவே உண்டு. அது பூட்டிக் கிடப்பதையும், உடைந்த நாற்காலிகளுக்குக் கிடங்காவதையும் கண்டவர் பலர்.

திருச்சபையின் நிலை என்ன என்று வாசகர் வினவுவர். கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் 2019இலும், விசுவாசக் கோட்பாட்டுத் துறை 2024இலும் வெளியிட்ட ஆவணங்கள் பாலினக் கோட்பாட்டை ஏற்கவில்லை. இதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த 2019ஆம் ஆண்டு ஆவணமே, எந்தப் பிள்ளையும் தன் தனித்தன்மை காரணமாக மிரட்டலுக்கோ இழிசொல்லுக்கோ ஆளாகாதபடி காப்பது கல்வியின் கடமை என்று கூறுகிறது. இன்னொன்றும் நம் பள்ளி நிர்வாகிகள் அறிந்ததே: சிறுபான்மையினர் பள்ளிகள் 2014 மே மாதத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கட்டாயக் கல்விச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்குப் பெற்றன. கழிவறை பற்றிய அட்டவணை அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக ஆண், பெண் ஆகிய இரண்டையும் தவிர்த்து 'மற்றவர்' என்று எழுத வழி செய்யப்பட்டது. நாடெங்கும் ஏறத்தாழ 4,88,000 பேர் அவ்வாறு எழுதப்பட்டனர். தமிழ்நாட்டில் 22,364 பேர். அவர்களுள் எழுத்தறிந்தோர் 56 விழுக்காடு. நாட்டின் பொதுச் சராசரியோ அன்று 74 விழுக்காடு. இவற்றைவிட என் கண்ணை நிறுத்திய எண் வேறொன்று. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் 54,854 பேர் அப்பட்டியலில் இருந்தனர். அக்குழந்தைகள் தாமாக எழுதிக்கொண்டவர்கள் அல்லர். வீட்டு வாயிலில் வந்து நின்ற கணக்கெடுப்பாளரிடம் பெற்றோரே சொல்லி எழுதச் செய்தது. அவர்களுள் மூத்தவர்கள் பள்ளி வயதைக் கடந்துவிட்டனர். எத்தனை பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டினர் என்பதைத் தெரிவித்திருக்கக்கூடிய 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடைபெறவில்லை.