சாட்சி சொல்லும் வழக்கம் வந்த வழி

சிங்கப்பூரில் புக்கிட் மேராவின் அடுக்குமாடி வீடுகளில் கூடும் தமிழ் ஜெபக்கூட்டங்களில், பாட்டு முடிந்ததும் ஒருவர் எழுந்து, நோயிலிருந்தோ குடியிலிருந்தோ கர்த்தர் தம்மை மீட்டதைச் சொல்வார். இதை மேற்கத்திய இறக்குமதி என்று ஒதுக்குவோர் உண்டு. அதில் பாதி உண்மைதான். 18ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி வளர்த்த வகுப்புக் கூட்டங்களில் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் வாரந்தோறும் கூடி, அவரவர் ஆத்தும நிலையை வாய்விட்டுச் சொன்னார்கள். அந்த மெதடிச மரபை 1885இல் சிங்கப்பூரில் ஊன்றிய வில்லியம் ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர். ஆனால் அவர் கப்பலேறுவதற்கு வெகுமுன்பே தமிழ் மண்ணில் இதற்கு வேர் இருந்தது. நெல்லைச் சீமையில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். தாம் கிறிஸ்தவரான வரலாற்றைப் பின்னாளில் தாமே எழுதினார். அவருடைய பக்திப் பாடல்களின் நடை ஆழ்வார்களிடமும் நாயன்மார்களிடமும் கற்றது. சூலைநோய் தீர்ந்து சைவத்துக்குத் திரும்பிய அப்பரும் தம் வாழ்வையே சான்றாக வைத்துப் பாடியவர்தானே!

பல சமயத்தார் சுவரோடு சுவராக வாழும் ஊரில் இந்தப் பேச்சு பிறரைப் புண்படுத்தாதா என்பது நியாயமான கேள்வி. அத்துமீறிய மதப் பிரசாரம் பற்றிய புகார்களும் சேர்ந்தே 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தன. ஆயினும் அயலாரின் தெய்வத்தைப் பழிப்பது வேறு, தனக்கு நேர்ந்ததைச் சொல்வது வேறு. பின்னதைக் கேட்பவர் மறுத்தாலும், சொன்னவரோடு பகை கொள்ளக் காரணமில்லை.