அந்த மஞ்சள் லைட் ஏன் அணைய மாட்டேங்குது?

இந்த எபிசோடு ஒரு சின்ன மஞ்சள் லைட்டோட வரலாறு. பெரிய ஆபீஸ் கட்டடங்கள்ல, செக்யூரிட்டி மேசைக்குப் பக்கத்துச் சுவர்ல ஒரு பெட்டி பார்த்திருப்பீங்க. ஃபயர் அலாரம் பேனல். தீன்னா சிவப்பு லைட் எரியும். மஞ்சள் எரிஞ்சா, "எனக்கே உடம்பு சரியில்லை"ன்னு பேனல் சொல்லுதுன்னு அர்த்தம்.

அமெரிக்காவுல இந்தப் பேனல்களைச் சேகரிக்கிற ஒரு கூட்டமே இருக்கு. பழைய பேனலை வாங்கி, வீட்டு கராஜ்ல மாட்டி, மணி அடிக்க வெச்சு வீடியோ போடுவாங்க. நான் அதை மணிக்கணக்கா பார்ப்பேன். அவங்க எல்லாருக்கும் வர்ற ஒரு தலைவலி பேட்டரி. பெரும்பாலான பேனல்ல 12 வோல்ட் பேட்டரி ரெண்டு, தொடரா சேர்ந்து 24 வோல்ட். அதைக் கழட்டினா மஞ்சள் லைட் எரியும், பஸ்ஸர் கத்தும். புது பேட்டரிக்குக் காசு ஆகும், சில வருஷத்துல அதுவும் போயிடும். அதனால "பேட்டரி இருக்கு"ன்னு பேனலை நம்ப வைக்க ஆளாளுக்கு ஒரு வழி தேடுவாங்க.

பேனல் ஏன் இவ்வளவு பிடிவாதமா இருக்கு? அதுக்குப் பதில் 19ஆம் நூற்றாண்டு பாஸ்டன்ல இருக்கு.

வில்லியம் சானிங்னு ஒரு டாக்டர். தந்தியை வெச்சே நகரத்துக்குத் தீ எச்சரிக்கை கொடுக்கலாமேன்னு 1845-ல எழுதினார். மோசஸ் ஃபார்மர்ங்கிற பொறியாளரோட சேர்ந்து அதைக் கட்டியும் காட்டினார். 1852 ஏப்ரல் 28-ல அந்த அமைப்பு இயங்கத் தொடங்குச்சு. மறுநாளே முதல் அலாரம் வந்துடுச்சு. தெருவில இருக்கிற பெட்டியைத் திறந்து கைப்பிடியைச் சுத்தினா, அந்தப் பெட்டியோட எண் தந்தி வழியா மைய அலுவலகத்துக்குப் போகும்.

ஆனா கம்பி வெளியில, மழையிலயும் பனியிலயும் தொங்குது. அறுந்துட்டா? தேவைப்படும்போது மட்டும் மின்சாரம் போற மாதிரி வெச்சா, அறுந்தது யாருக்குமே தெரியாது. தீப்பிடிச்ச அன்னைக்குத்தான் தெரியும். அமெரிக்கத் தந்தி லைன்கள் இதுக்கு ஒரு வழி வெச்சிருந்தது: கம்பியில எப்பவும் மின்சாரம் ஓடிட்டே இருக்கணும். ஓட்டம் நின்னாலே ஏதோ கோளாறுன்னு அர்த்தம். தெருப்பெட்டிகளும் இந்த வழிக்கே வந்தது. நம்ம சர்வர்ல இன்னைக்கு 'ஹார்ட்பீட்'னு சொல்றோமே, அதே யோசனைதான். மௌனத்தை நல்ல செய்தின்னு எடுத்துக்கக் கூடாது.

இதுக்கு ஒரு விலை உண்டு. எப்பவும் மின்சாரம் ஓடணும்னா பேட்டரி தூங்கவே கூடாது. அதுக்குப் பயன்பட்டது 'கிராவிட்டி செல்'. ஒரு கண்ணாடி ஜாடி. அடியில செம்பு, மேல காக்கைக்கால் வடிவத்துல துத்தநாகம். அடியில மயில்துத்தக் கரைசல் நீலமா நிக்கும், மேல தெளிவா இருக்கும். அந்த நீலக்கோடு எங்க நிக்குதுன்னு பார்த்தே செல்லோட நிலைமையைச் சொல்லிடலாம். அலாரம் அலுவலகத்துல வரிசை வரிசையா ஜாடிகளை அடுக்கி வெச்சு, தண்ணி ஊத்தி, துத்தநாகம் மாத்திப் பார்த்துக்க ஆள் இருந்தாங்க. அப்போ பேட்டரி கண்காணிப்புன்னா மனுஷனோட கண்ணுதான்.

அப்புறம் மின்வாரியக் கரன்ட் வந்துச்சு. பேட்டரி மாற்று ஏற்பாடா பின்னாடி போயிடுச்சு. மூடின லெட் ஆசிட் பேட்டரியில நீலக்கோடும் கிடையாது, பார்த்துக்க ஆளும் கிடையாது. சார்ஜர்ல இருக்கிற வரைக்கும் வோல்டேஜ் அழகா காட்டும். சுமை ஏத்தினா படுத்துடும். அதனாலதான் கண்ணு செஞ்ச வேலையை சர்க்யூட் எடுத்துக்கிச்சு. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 72 விதிப்படி, கரன்ட் போனா பேனல் பொதுவா 24 மணி நேரம் விழிச்சிருக்கணும், அதுக்கப்புறமும் 5 நிமிஷம் அலாரம் அடிக்கத் தெம்பு இருக்கணும். இன்னொண்ணு கவனிங்க: பட்டனை அமுக்கினா பஸ்ஸர் அடங்கும், மஞ்சள் லைட் மட்டும் அணையாது. வேணும்னே அப்படித்தான் வெச்சிருக்காங்க. சத்தம் தொந்தரவுன்னா நிறுத்திக்கோ, கோளாறை மட்டும் மறந்துடாதேன்னு.

மாற்று ஏற்பாடு காலை வாரினா என்ன ஆகும்? 1991 பிப்ரவரி 23, பிலடெல்பியா, ஒன் மெரிடியன் பிளாசா. 38 மாடிக் கட்டடம், 22ஆவது மாடியில தீ. மின்சாரத்துக்கு ரெண்டு வழி இருந்துச்சு, ஆனா ரெண்டும் ஒரே குழாய்ப்பாதையில. ரெண்டும் சேர்ந்தே போச்சு. அவசர ஜெனரேட்டரும் கை கொடுக்கல. இருட்டுல ஏறின தீயணைப்பு வீரர்கள்ல மூணு பேர் உயிரோட திரும்பல. எட்டு மாடி எரிஞ்ச பிறகு, 30ஆவது மாடியில இருந்த ஸ்பிரிங்க்ளர்கள்தான் தீயைத் தடுத்துச்சு. பிரதான வழி போன அன்னைக்குத்தான் மாற்று வழியோட லட்சணம் தெரிஞ்சது.

கராஜ்ல இருக்கிற பேனல் யாரையும் காப்பாத்துறதில்ல. அங்க பேட்டரி இருக்குன்னு ஏமாத்தினா நஷ்டம் யாருக்கும் இல்ல. அந்தப் பொழுதுபோக்கை நான் குறை சொல்லவும் மாட்டேன். பழைய இயந்திரங்களை உயிரோட வெச்சிருக்கிறதே அவங்கதான். ஆனா அதே வேலையை ஆளுங்க தூங்குற ஒரு கட்டடத்துல செஞ்சா? ஃபெயில் ஆகுற டெஸ்ட்டை சரி பண்ணாம, 'பாஸ்'னு எழுதி டெப்ளாய் பண்ற மாதிரி. பேட்டரி அப்படியேதான் செத்துக் கிடக்கும். அதைச் சொல்ற வாயை மட்டும் கட்டிட்டோம்.

நாளைக்கு உங்க அபார்ட்மென்ட்லயோ ஆபீஸ்லயோ அந்தப் பேனலை ஒரு தடவை நின்னு பாருங்க. மஞ்சள் எரிஞ்சா, பராமரிப்பு பார்க்கிறவர்கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க: "பேட்டரி எப்ப மாத்தினீங்க? சுமை ஏத்தி டெஸ்ட் பண்ணீங்களா?" அவர் என்ன சொன்னார்னு எனக்கும் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.